பேர் கொடுத்தவன்

கிதாரின் ஒயரைப் பிடுங்கிய பிறகும் அந்தப் பெட்டி மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

புவனேசன் முதலில் அதை இரைச்சல் என்றுதான் நினைத்தான். வீட்டில் செய்த வால்வு ஆம்ப்ளிஃபயர் இரையாமல் இருந்தால்தான் அதிசயம். பெரிய பிஸ்கட் டின்னைக் கவிழ்த்து ஓட்டை போட்டு, இரண்டு வால்வுகளையும் ஒரு டிரான்ஸ்பார்மரையும் அதன் மேல் உட்கார வைத்து, யூடியூப் பார்த்துப் பற்றவைத்த சாமான் அது. கல்யாணமாகி இருபது வருஷம் முடிகிற நாளில் லோகேஸ்வரிக்கு அதில் ஒரு பாட்டு வாசித்துக் காட்ட வேண்டும் என்று அவனுக்கு ஆசை. நாற்பத்தைந்து வயதில் இதெல்லாம் தேவையா என்று அவள் கேட்டாள், கேட்டுவிட்டுச் சிரிக்கவும் செய்தாள். அந்தச் சிரிப்புக்காகவே மூன்று மாதம் விடுமுறை நாளெல்லாம் ஸ்டோர் அறையில் குனிந்தே கிடந்தான்.

இரைச்சல் எந்த ஒயரிலிருந்து வருகிறது என்று தெரிய, மீ நூடுல்ஸ் சாப்பிடும் மரக்குச்சி ஒன்றால் உள்ளே ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தான். இடது கை காற்சட்டைப் பைக்குள் இருந்தது. இரண்டு கையையும் உள்ளே விட்டால் கரண்டு நெஞ்சு வழியாகப் பாயும் என்பது அவன் பாக்டரியில் படித்த பாடம். குச்சி டிரான்ஸ்பார்மரின் பழைய ஒயரைத் தொட்டதும் இரைச்சல் சட்டென்று நின்றது. யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

“அழகம்மா,” என்றது ஸ்பீக்கர்.

வயதான ஆண் குரல். அவசரமில்லாத குரல். அடுத்த நொடி, தாளில் பென்சில் கீறும் சத்தம். பிறகு மறுபடியும் வெறும் இரைச்சல்.

அந்தச் சத்தம் எது என்று அவனுக்குத் தெரியும். ரப்பர் தோட்டத்தில் பிறந்த எவனுக்கும் தெரியும். அது பெரட்டு. விடியற்காலையில் கொட்டகை முன்னால் எல்லாரும் பால் வாளியோடு வரிசையில் நிற்க, தோட்டத்துக் கணக்குப்பிள்ளையான கிராணி ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். கூப்பிட்ட ஆள் “வந்துட்டேன் ஐயா” என்று பேர் கொடுக்க வேண்டும். மூன்று தடவை கூப்பிட்டும் பதில் இல்லையென்றால் பேரை அடித்துவிடுவார், அன்றைக்கு வேலை இல்லை. அதனால் யாராவது வரத் தாமதமானால் வீட்டு ஆள் ஒருவர் குரலை மாற்றிப் பேர் கொடுத்துவிடுவது உண்டு. காய்ச்சலில் கிடந்த அம்மாவுக்காக அவனே சின்ன வயதில் கொடுத்திருக்கிறான்.

வால்வுகளும் டிரான்ஸ்பார்மரும் அந்தக் கொட்டகையிலிருந்துதான் வந்தன. பீடோங் டவுனுக்கு வெளியே மூடிக் கிடக்கும் பழைய தோட்டத்தில், கிராணி மைக்கில் பேர் வாசித்த பெட்டி துருப்பிடித்துக் கிடந்தது. அதைக் கழற்றிக்கொண்டு வந்த அன்றைக்கே லோகேஸ்வரி முகம் சுளித்தாள்.

“யாரக் கேட்டு எடுத்தீங்க?”

“அங்க யாரு இருக்கா கேக்கறதுக்கு? ஒருத்தரும் இல்லலா.”

ஸ்பீக்கர் பேர் கூப்பிட்ட அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டில் அழுகைச் சத்தம் கேட்டது. அழகம்மா அக்கா மதியமே போய்விட்டிருந்தார். அடுப்பங்கரையில் அப்படியே சாய்ந்தவர்தான். அவரும் அந்தத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்.

பென்சில் கீறிய சத்தம் புவனேசனின் காதை விட்டுப் போகவில்லை. அக்காவின் பேரைக் கூப்பிட்டார்கள், பதில் கொடுக்க ஆள் இல்லை, அடித்துவிட்டார்கள். அவனும் அங்கேதானே குச்சியைப் பிடித்துக்கொண்டு வாயடைத்து நின்றான். பாவி, ஒரு குரல் கொடுத்திருந்தால்!

எல்லாவற்றையும் கேட்ட லோகேஸ்வரி ஒன்றும் சிரிக்கவில்லை. “எடுத்த எடத்துலயே வெச்சிட்டு வந்துருங்க,” என்றாள். “நானும் அங்க ரெண்டு வருஷம் பேர் கொடுத்தவதான்.”

மறுநாளே போனான். கொட்டகை இல்லை. செம்பனைக் கன்று நட, புல்டோசர் தரையைச் சமமாக்கிவிட்டிருந்தது. செம்மண்ணில் எந்த இடம் எது என்று கூடத் தெரியவில்லை. சும்மா போட்டுவிட்டு வர மனம் துணியவில்லை. திரும்பக் கொண்டு வந்து, பிளக்கைப் பிடுங்கி, பழைய சாரோங் கைலியில் சுற்றி ஸ்டோர் அறையின் மேல்தட்டில் வைத்தான்.

எட்டு நாள் ஒன்றுமில்லை.

ஒன்பதாவது நாள் மத்தியானம் மூன்று மணிக்கு நல்ல மழை. காலை ஷிப்ட் முடிந்து, கையுறை பாக்டரியிலிருந்து லோகேஸ்வரி மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருக்கும் நேரம். புவனேசன் அவளுக்காகத் தேத்தண்ணீர் கலக்கிக்கொண்டிருந்தான். சூடேறிய தூசியின் வாசனை அடித்தது. வால்வு சூடாகும்போது வருகிற அதே வாசனை, அதோடு புளித்த ரப்பர் பாலின் வாடை. அந்த வாடையை முகர்ந்து முப்பது வருஷம் இருக்கும். ஸ்டோர் அறைக் கதவின் அடியில் ஆரஞ்சு நிற வெளிச்சம் தெரிந்தது.

கதவைத் திறந்தான். சாரோங்குக்குள் இரண்டு வால்வுகளும் எரிந்துகொண்டிருந்தன. பிளக் தட்டிலிருந்து கீழே தொங்கி மெல்ல ஆடியது.

செருமல்.

“லோகேஸ்வரி.”

போனை எடுத்தான். விரல் வழுக்கியது. மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. அவள் போனை சீட்டுக்கு அடியில் போட்டு வைப்பவள். மழையில் எங்கே கேட்கும்?

“லோகேஸ்வரி.”

சாரோங்கை இழுத்தான். வால்வை வெறுங்கையால் பிடுங்கினான். தோல் பொசுங்கியது. கையில் இருந்த வால்வும் எரிந்தது. பென்சில் சத்தம் இன்னும் வரவில்லை. குரல் காத்திருந்தது. ஸ்பீக்கருக்குள் நிறையப் பேர் கால் மாற்றி மாற்றி நிற்கும் சத்தம். வாளிகள் மோதின.

இன்னும் ஒரு தடவைதான். அதற்குப் பிறகு அடித்துவிடுவார்கள்.

“லோகே—”

“வந்துட்டேன் ஐயா!” என்று புவனேசன் அலறினான். குரலை மாற்றி, பெண் குரலில், அம்மாவுக்காகக் கொடுத்த மாதிரியே. “வந்துட்டேன் ஐயா! இந்தா நிக்கிறேன்!”

பென்சில் ஒரு தடவை கீறியது. வால்வுகள் அணைந்தன.

தரையில் உட்கார்ந்து அழுதான். கை எரிந்தது, எரியட்டும். சரியான நேரத்தில் கொடுத்துவிட்டான். அவளைக் காப்பாற்றிவிட்டான். அவள் வந்ததும் சொல்லி இரண்டு பேரும் சிரிக்க வேண்டும் என்று நினைத்தபோது உண்மையிலேயே சிரிப்பு வந்தது.

வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் குடையோடு குணவதி, அழகம்மா அக்காவின் மருமகள்.

“அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. அந்த ரேடியோவ கொஞ்சம் மெதுவா வைங்கலா. எனக்குப் பயமா இருக்கு.”

“என்ன பயம்?”

“அன்னிக்கும் இதே சத்தந்தான். அத்தை பேரக் கூப்பிட்ட மாதிரி கேட்டுச்சு. அவங்க சட்டியக் கழுவிக்கிட்டே, பழக்க தோஷம், ‘வந்துட்டேன் ஐயா’ன்னாங்க.” குணவதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “சொன்ன வாய் மூடல அண்ணே. அப்படியே சாஞ்சிட்டாங்க.”

மழை பெய்துகொண்டிருந்தது. புவனேசன் உள்ளே ஓடினான். போனை அழுத்தினான். மணி அடிக்கவில்லை. மறுபடி அழுத்தினான். அடிக்கவில்லை.

ஸ்டோர் அறையில் மூச்சுச் சத்தம்.

வால்வுகள் எரியவில்லை. ஒன்று தரையில் கிடந்தது. ஆனாலும் ஸ்பீக்கரின் கறுப்புக் காகிதம் வெளியே வந்தது, உள்ளே போனது. வெளியே. உள்ளே. ஓடி வந்தவர் மூச்சு வாங்குகிற மாதிரி.

“என்னாங்க.”

அவள் குரல். கிட்டத்தில்.

“இங்க ரொம்ப இருட்டா இருக்குங்க. எல்லாரும் வரிசையா நிக்கிறாங்க. பக்கத்துல அழகம்மா அக்கா நிக்கிறாங்க, பேசவே மாட்டேங்கறாங்க.” குளிரில் பல் அடித்துக்கொள்கிற சத்தம். “நான் ரோட்டுலதானே வந்துக்கிட்டு இருந்தேன். எம் பேர யாருங்க கொடுத்தா?”

அவன் பெட்டியை விட்டுப் பின்வாங்கினான்.

கையிலிருந்த போன் அடித்தது. தெரியாத நம்பர். அவன் எடுக்கவில்லை. ஸ்பீக்கர் காகிதத்தின் நடுவிலிருந்து மழைத் தண்ணீர் சொட்டுச் சொட்டாகப் பிஸ்கட் டின்னின் மேல் விழுந்துகொண்டிருந்தது.

“சொல்லுங்க,” என்றாள் லோகேஸ்வரி. “யாரு கொடுத்தா?”