சொல்லா நினைவு

தொலைச்சான்று நாள் வந்தால் லிகாயா முதலில் அறையைக் காலி செய்வாள். பேசும் விளக்கு, பேசும் விசிறி, சோறு வெந்ததை ஊருக்கே அறிவிக்கும் குக்கர், எல்லாம் ஒவ்வொன்றாகக் குளியலறைக்குப் போய்ச் சேரும். மிஞ்சுவது ஒரு நாற்காலியும், பிலிப்பைன்ஸ் நோட்டரியான அட்டர்னி சலசாரின் முகம் தெரியும் அழைப்புத்திரையும்தான். கல்யாணமாகித் தூத்துக்குடிக்கு வந்த நாளிலிருந்து ஊர்ப் பத்திரம் எதுவானாலும் அவள் இப்படித்தான் கையெழுத்துப் போடுகிறாள்.

அவள் புருஷன் கஸ்பாருக்கு அந்த நாளே ஆகாது.

"நீங்க கடற்கரைப் பக்கம் போயிட்டு வாங்க. வீட்ல ஆள் இருந்தா அட்டர்னி ஒத்துக்க மாட்டாரு" என்றாள்.

"சாட்சி யாரு? அவன்தானா?"

"நோனோய்தான். வேற யாரு இருக்கா?"

"ஏன், நான் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் நிக்கேனே, கண்ணுக்குத் தெரியலையா?"

"இன்னைக்குமா சண்டை? அமிஹான் விஷயம்ங்க. சாயங்காலம் கோர்ட் மூடுறதுக்குள்ள தத்துப் பத்திரம் போகலைன்னா பிள்ளைய வேற குடும்பத்துக்குக் கொடுத்துருவாங்க."

அமிஹான் லிகாயாவின் தங்கை மகள். தங்கை போய்ச்சேர்ந்து நாளாகிவிட்டது, தகப்பன் யாரென்றே தெரியாது. பிள்ளை இல்லாத இந்த வீட்டில் அந்தச் சிறுமிக்காக ஏற்கெனவே ஒரு கட்டில் வாங்கிப் போட்டாயிற்று. கஸ்பார்தான் அதற்கு மஞ்சள் வண்ணம் அடித்தான். அதனால் வாயை மூடிக்கொண்டு செருப்பை மாட்டினான்.

ஆனால் வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? முகத்தையும் குரலையும் ரேகையையும் யார் வேண்டுமானாலும் போலியாகச் செய்துவிடலாம் என்று ஆனபிறகு, ஒருவர் தாம்தான் என்று நிரூபிக்க ஒரே வழிதான் மிச்சம். வீட்டிலும் தெருவிலும் கருவிகள் கேட்டதெல்லாம் கேட்புக்கிடங்கில் கிடக்கிறது. அந்தக் கிடங்கில் இல்லாத ஒரு நினைவைச் சொல்ல வேண்டும். அதே நினைவை இன்னொருவர் தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டும் பொருந்தினால் முத்திரை. இதற்குப் பெயர் சொல்லா நினைவு. ஐந்து வருஷமாவது பழையதாக இருக்க வேண்டும். முத்திரை விழுந்ததும் அதுவும் கிடங்கில் சேர்ந்துவிடும், மறுபடி எடுபடாது.

சென்னைக்காரர்களிடம் அப்படி ஒன்றைத் தேடினாலும் கிடைக்காது. அலைபேசிக் கோபுரம் எட்டாத குட்டித் தீவுகளில் வளர்ந்தவர்களிடம் கொட்டிக் கிடந்தது. லிகாயாவிடமும் கிடந்தது. எல்லாம் அந்த நோனோயோடு. சின்ன வயதில் பக்கத்து வீடு, பிறகு ஒரு காலத்தில் இரு வீட்டிலும் கல்யாணப் பேச்சுகூட எழுந்ததாம். கடவுச்சீட்டைப் புதுப்பிக்க ஒரு நினைவு, நிலத்துக்கு ஒரு நினைவு. அப்பப்பா, எத்தனைதான் வைத்திருக்கிறாள்! கட்டினவனோடு சேர்ந்து வாழ்ந்ததில் ஒன்றுகூடவா தேறவில்லை?

தெருமுனை வரை போனவன் திரும்பினான். வீட்டுக்குப் பின்னால் வந்து, அறை ஜன்னலுக்குக் கீழே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். இது கேவலம் என்று தெரியும். தெரிந்துதான் உட்கார்ந்தான்.

உள்ளே அவள் தன் மொழியில் சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்டால் அவனுக்குப் புரியும். மடத்துத் தோப்பில் மாங்காய் திருடிய கதை. காவல்காரன் வந்ததும் இருவரும் ஒரே மரத்தில் ஏறிக்கொண்டார்களாம். அவள் கடித்துவிட்டுக் கொடுத்ததை நோனோய் கொட்டை வரை சப்பித் தின்றானாம். சிரிப்பு வேறு! கஸ்பார் பல்லைக் கடித்தான். எச்சில் மாங்காயா? தின்னுவான், தின்னுவான்.

அவள் சொல்லி முடித்ததும் அட்டர்னி சலசாரின் குரல் வந்தது.

"அம்மா, நோனோய் சொன்னதும் நீங்கள் சொன்னதும் பொருந்துகின்றன. ஆனால் இந்த நினைவு சற்றுமுன் கிடங்கில் ஏறிவிட்டது. உங்கள் அருகில் ஏதோ கருவி இருக்கிறது."

கஸ்பார் தன் மணிக்கட்டைப் பார்த்தான். துறைமுகக் கம்பெனி மாட்டிவிட்ட கைப்பட்டை பச்சையாக மினுக்கிக்கொண்டிருந்தது. குளியலறைக்கு எல்லாம் போனது, இது போகவில்லை. ஐயோ, மடையா!

ஜன்னல் திறந்தது. லிகாயா எட்டிப் பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"அவன்கிட்ட இன்னொண்ணு இருக்கும்ல?" என்றான் எழுந்துகொண்டே.

"இல்ல. அதுதான் கடைசி."

"அப்ப அமிஹான்?"

"உள்ள வாங்க. அந்தப் பட்டையைக் கழட்டி வீசுங்க, சம்பளம் போனாப் போவுது. சாட்சியை மாத்துதேன்."

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான்."

"நம்மகிட்ட ஏது? எதைச் சொல்லணும்னு சொல்லு."

"சொன்னா அது செல்லுமா?" என்று ஜன்னலைச் சாத்தினாள்.

அவள் முதலில் சொல்லிவிட்டு வெளியே வந்து தெருமுனைக்குப் போனாள். கஸ்பார் நாற்காலியில் உட்கார்ந்தான். திரையில் அட்டர்னி சலசார், கண்ணாடி போட்ட பருத்த மனிதர், அவர் சொல்வதைத் திரை தமிழில் தந்தது.

"உங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த நினைவு. ஒருமுறைதான் கேட்பேன். அவசரம் இல்லை."

கஸ்பார் துழாவினான். முதல்முறை பார்த்தது? அதை எத்தனை விருந்தில் சொல்லியாயிற்று. கல்யாண நாளில் மழை? படமாகவே இருக்கிறது. அவள் அழுதது, இவன் அழுதது, எல்லாமே விளக்குக்கும் விசிறிக்கும் தெரியும். கிடங்கில் இல்லாதது என்று தேடினால் ஒன்றே ஒன்றுதான் அகப்பட்டது. அதுவும் அவளுக்குத் தெரியாதது. தெரியாததை அவள் எப்படிச் சொல்லியிருப்பாள்? மஞ்சள் கட்டில் கண்ணில் வந்து நின்றது. வேறு வழியில்லை.

"அப்ப நான் கப்பல்ல எஞ்சினியரு" என்று தொடங்கினான். "கப்பல் அவங்க ஊர்ல நின்னப்ப, அவ தீவுக்குச் சின்னப் படகுல ரெண்டு பேரும் போனோம். படகுக்காரர் என்னை ஓட்டச் சொல்லிட்டுத் தூங்கிட்டாரு. நடுக்கடல்ல எஞ்சின் நின்னுபோச்சு. எனக்குச் சரி பண்ணத் தெரியலைன்னு சொன்னேன்." ஜன்னல் சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தான். "நின்னுபோகல, ஐயா. டீசல் குழாயை நான்தான் மூடினேன். கரை வந்தா அவ இறங்கிப் போயிருவாளேன்னு. இருட்டுற வரைக்கும் அவளோட அங்கேயே மிதந்துக்கிட்டு இருந்தேன். இதை அவகிட்டக்கூட நான் சொன்னதில்ல."

அட்டர்னி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு முத்திரை விழும் ஓசை கேட்டது.

"பொருந்துகிறது. நீங்கள் குழாயை மூடியதை உங்கள் மனைவி பார்த்துக்கொண்டேதான் இருந்தாராம். வாழ்த்துகள், உங்கள் மகள் வருவாள்."

கஸ்பார் தெருவுக்கு ஓடினான். லிகாயா அவன் முகத்தைப் பார்த்ததுமே சுவரில் சாய்ந்து அழுதாள்.

"உனக்குத் தெரியுமா?" என்றான். "அன்னைக்கே தெரியுமா?"

"கை பூரா டீசல் நாத்தம். தெரியாம எப்படி?"

"பின்ன ஏன் ஒரு தடவைகூட என்னை சாட்சிக்குக் கூப்பிடல? ஒவ்வொரு தடவையும் அவனை…"

"அவனோடது எல்லாம் சில்லறைங்க. போனாப் போவுதுன்னு கொடுத்தேன். இது ஒண்ணைத்தான் செலவழிக்க மனசு வரல. உங்ககிட்டக்கூடச் சொல்லாம வச்சிருந்தேன்."

கஸ்பார் வீட்டுக்கு வந்து கைப்பட்டையை எடுத்தான், கம்பெனிக்குப் பதில் சொல்ல வேண்டும். மணிக்கட்டில் ஏறியதும் அது உற்சாகமாகப் பேசியது. "வணக்கம் கஸ்பார்! படகின் டீசல் வால்வு தொல்லை தருகிறதா? இந்த வாரம் சிறப்புச் சலுகை!"

லிகாயா சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியில் நின்றது. "இனி நம்மகிட்ட ஒண்ணுமே இல்லீங்க" என்றாள்.

இதுவரை நோனோய் மேல் எரிந்த வயிறு இப்போது அந்தப் பருத்த நோட்டரி மேலும், வால்வு விற்பவன் மேலும், ஊர் உலகத்தின் மேலும் எரிந்தது. அன்றைய கடல் அவனுடையது, அவளுடையது. அதற்குள் இத்தனை பேரை அவன்தான் ஏற்றிவிட்டான். அவளிடம் ஒன்று சொல்ல வேண்டும்போல் இருந்தது, இத்தனை வருஷத்தில் சொல்லாத ஒன்று. வாயைத் திறந்தான். மணிக்கட்டில் பச்சை மினுக்கியது.

வாயை மூடிக்கொண்டு, அவள் கையைப் பிடித்து மஞ்சள் கட்டிலின் ஓரத்தில் உட்காரவைத்தான். பட்டை கேட்காதபடி, அவள் உள்ளங்கையில் ஒரு விரலால் மெதுவாக எழுதத் தொடங்கினான்.