தேரோட்டத்தன்று அறுந்த கடல் கேபிள்

"என் தம்பி கேபிளை அறுக்கலக்கா" என்றாள் மாரிக்கனி, செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே.

ராஜபாளையத்தில் ஓய்வுபெற்ற சப்-இன்ஸ்பெக்டர் பொன்மணியின் வீட்டுக்குக் காணாமல் போன நாய், மாறிப்போன பத்திரம், மில் வாசலில் தொலைந்த மோட்டார் சைக்கிள் என்று வழக்குகள் வருவதுண்டு. எந்தப் பக்கம் பார்த்தாலும் மலையும் மாந்தோப்புமாக இருக்கிற ஊருக்குக் கடல் வழக்கு வந்தது இதுதான் முதல் தடவை.

மாரிக்கனி பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடம் வைத்திருப்பவள். கூடவே வந்த தம்பி விமல் சரக்குக் கப்பலில் மூன்றாம் அதிகாரி. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் அக்கா கட்டியிருக்கும் பேனரில் மட்டும் அவன் 'கப்பல் கேப்டன்'. பேனரில் சல்யூட் அடிப்பவன் இங்கே நாற்காலி நுனியில் தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

"கப்பல் துறைமுகத்துக்கு வெளிய நங்கூரம் போட்டு நின்னுருக்கு. காத்துல நங்கூரம் இழுபட்டு, தடைப் பகுதிக்குள்ள போயி, கடலுக்கு அடியில கெடந்த கேபிளை அறுத்துருச்சு. காலைல எட்டு நாப்பத்தொண்ணு. அப்ப டியூட்டில இவன்" என்றாள் மாரிக்கனி. "எட்டு பன்னெண்டுக்கே ரேடியோவுல எச்சரிச்சேன், பதிலே இல்லன்னு கேபிளைக் காவக்காக்குற ஆளு எழுதி வச்சுருக்காரு. திங்கக்கிழமை விசாரணை. எச்சரிச்சும் கேக்கலன்னு முடிவாச்சுன்னா சர்டிபிகேட் போயிரும். பன்னெண்டு வருசப் படிப்பும் உழைப்பும்க்கா!"

"என்னைக்கு நடந்துச்சு?"

"ஆடிப்பூரத் தேரன்னைக்கு."

அதுவரை அடக்கிக்கொண்டிருந்த ஜெயபாண்டி வாயைத் திறந்தார். பொன்மணியின் கொழுந்தனார், ராணுவத்தில் சிக்னல் பிரிவில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். மதினியின் துப்பறிதலில் தனக்குப் பாதிப் பங்கு என்பது அவர் கணக்கு.

"தேரன்னைக்கா? அன்னைக்கு நான் எடுத்த தேர் லைவ் வீடியோவ நானூறு பேரு பாத்தாங்க மதினி. துபாய்ல இருந்து பாத்தாங்க, சிங்கப்பூர்ல இருந்து பாத்தாங்க, கடல்ல இருந்துகூட..."

"அந்த லிங்க்கை எங்க சனம் அம்புட்டுப் பேருக்கும் நான்தான் அண்ணே அனுப்புனேன்" என்றாள் மாரிக்கனி மரியாதைக்கு.

பொன்மணி விமலைப் பார்த்தார். "ரேடியோவுல எச்சரிக்கை வந்துச்சா?"

"வரல மேடம்."

"உறுதியா?"

"தாயார் மேல சத்தியமா வரல."

முப்பது வருடப் போலீஸ் வேலையில் பொய்யைத் தலைநிமிர்ந்து சொன்ன பல பேரைப் பொன்மணி பார்த்திருக்கிறார். உண்மையை இப்படித் தலைகுனிந்து சொன்னவன் இவன்தான். அதை மனதில் ஒரு ஓரமாக வைத்துக்கொண்டு, விசாரணைக்காகக் கொடுத்திருந்த காவல் பதிவேட்டு நகலை வாங்கிப் படித்தார். ஏழரை, எட்டு, எட்டரை, ஒன்பது என்று அரை மணிக்கு ஒரு வரி. நடுவே எட்டு பன்னிரண்டுக்கு 'எச்சரிக்கை, பதில் இல்லை'. கடைசிக் கட்டத்தில் 'மின்சாரம் அல்லது இணைப்புத் தடை' என்ற கேள்விக்கு எல்லா வரியிலும் 'இல்லை'.

"இந்தக் காவக்காரரு எந்தத் துறைமுகத்துல இருக்காரு?"

"அதான்க்கா வேடிக்கை. வீட்டுல இருந்தே கம்ப்யூட்டர்ல காவலு. வீடு சீவில்லிபுத்தூரு, தெக்கு ரத வீதி."

பொன்மணி எழுந்தார். "கொழுந்தனாரே, போனுக்குச் சார்ஜ் ஏத்திக்கோங்க. பொறவு தேவைப்படும்."

நாலு பேரும் போன பதினைந்து நிமிடப் பஸ் பயணத்தில் ஜெயபாண்டி நாலு வெளிநாட்டுச் சதிகளைக் கண்டுபிடித்து, அதில் மூன்றை அவரே மறுத்தார்.

தெற்கு ரத வீதி வீட்டின் வாசலில் 'கடலடிக் காவல் அதிகாரி சு. சுந்தரபாண்டியன்' என்று பலகை இருந்தது. கீழே ஒரு நங்கூரம் வரைந்து, குறுக்கே சிவப்புக் கோடு போட்டிருந்தார்கள். ரத வீதியில் நங்கூரம் போட நினைத்து வருகிற கப்பல்களை எச்சரிப்பதற்காக இருக்கலாம்.

பொன்மணி உள்ளே போகாமல் செத்த நேரம் அண்ணாந்து பார்த்தார். எதிர்ப்புறக் கம்பத்திலிருந்து தெருவின் குறுக்கே ஒரு கறுப்பு இணைய வயர் அந்த வீட்டு ஜன்னலுக்கு வந்தது. ஜன்னல் ஓரத்தில் அதில் மூன்று சுற்று மிச்சம் தொங்க, இணைப்பில் புத்தம்புது மஞ்சள் டேப் பளபளத்தது.

சுந்தரபாண்டியன் ஐம்பது வயதுக்காரர். திருச்செந்தூரில் முழங்கால் வரை இறங்கியதுதான் அவருடைய கடல் அனுபவம். கடலைப் பற்றிப் பேச அது போதுமானதாக இருந்தது.

"உலகத்துப் பேச்செல்லாம் கடலுக்கு அடியிலதாம்மா போகுது. கேபிள் உங்க தோட்டத்து ஓஸ் பைப் தண்டிதான் இருக்கும். அதுக்கு ரெண்டு பக்கமும் தடைப் பகுதி. ஒரு கப்பல் கிட்ட வந்தா நான் இங்க இருந்து கூப்பிடுவேன், கரையில இருக்க ரேடியோ வழியாப் போயி அங்க கேக்கும். இந்த நாற்காலிய விட்டு நான் எந்திரிச்சா நாடே ஊமை."

"பேசுனதுக்கு ஒலிப்பதிவு இருக்குமே?"

"பதிவு செய்யணும்னு விதி வந்துருச்சு. பதிவு செய்யுற மிஷினுக்குத்தான் இன்னும் டெண்டர் விடல."

"அன்னைக்குக் கரண்டு?"

"நாலு மணி நேரம் தாங்குற பேட்டரி" என்று மேசையடியைக் காட்டினார்.

"மொபைல் டேட்டால வேல பாப்பீகளோ?"

சுந்தரபாண்டியனுக்குக் காயம்பட்டுவிட்டது. "அம்மா! நாட்டோட பாதுகாப்பு. வயர் இணைப்பு மட்டும்தான். மொபைல்ல சிஸ்டம் திறக்கவே திறக்காது."

காபி வந்தது. டம்ளரை அவர் விரல் நுனிகளால் மட்டும் பிடித்துக் குடித்தார்.

"உள்ளங்கைல என்ன?"

"தோட்ட வேல."

தொட்டிச்செடிகூட இல்லாத அந்த வீட்டைப் பொன்மணி ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, காபியைக் குடித்து முடித்தார்.

"சுந்தரபாண்டியன் சார், தேருக்கு முந்துன சாயங்காலம் இந்த வீதியில என்ன நடக்கும்?"

"என்ன நடக்கும்? தோரணம் கட்டுவாங்க, கோலம் போடுவாங்க, வயரெல்லாம் சுருட்டு..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் நின்றார்.

"சுருட்டுவாங்க. கரண்டுக் கம்பி, டிவி வயரு, இன்டர்நெட் வயரு, குறுக்க போற எதையும் விட மாட்டாங்க. தேரு உச்சி தட்டுமில்ல? தேரு நிலைக்கு வந்த பொறவுதான் திரும்ப மாட்டுவாங்க. உங்க வயர்ல மாட்டுன டேப்பு இன்னும் வெயில்ல வெளுக்கல. உங்ககிட்ட பேட்டரி இருந்துச்சு, சரி. வயரே இல்லாம எந்தக் கடலைப் பாத்தீக? எட்டு பன்னெண்டுக்கு யாரைக் கூப்பிட்டீக?"

"அப்புறம் ஏன் 'தடை இல்லை'ன்னு எழுதுனாரு?" என்று ஜெயபாண்டி துள்ளினார். "'தடை இருந்துச்சு'ன்னு எழுதியிருந்தா தப்பிச்சிருப்பாரே மதினி!"

"வெளியூர்க்காரனா இருந்தா அப்படித்தான் எழுதியிருப்பான். தேருக்குக் கரண்டு போறதையும் வயரு போறதையும் இந்த ஊர்க்காரக எவனாவது தடைன்னு சொல்வானா? தேரு வருதுன்னுதான் சொல்வான். கட்டத்தைப் பாத்தாரு, 'இல்லை'ன்னு கை தானா எழுதிருச்சு. வடம் பிடிச்சுத் தோல் உரிஞ்ச கை."

ஜெயபாண்டிக்கு அப்போதுதான் பொறி தட்டியது. போனை எடுத்துப் படபடவென்று தள்ளினார். "இந்தா! எட்டு பன்னெண்டு! நம்ம லைவ்லேயே மாட்டிக்கிட்டாருல்ல!"

திரையில் தேர் அசைந்து வந்தது. வடத்தின் இடப்பக்கம் மூன்றாவது ஆள், மஞ்சள் துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு வாய் பிளந்து 'கோவிந்தா' போடுகிறவர், நாற்காலியை விட்டு எழாத சுந்தரபாண்டியன்தான். ஜெயபாண்டியின் வர்ணனையும் கணீரென்று கேட்டது.

சுந்தரபாண்டியன் இரண்டு கைகளையும் மேசைக்கு அடியில் கொண்டுபோனார். "வருசா வருசம் பிடிக்குறது" என்றார் சன்னமாக. "ஒரு மணி நேரம் லீவு கேட்டேன். காவலுக்கு ஏதுடா லீவுன்னுட்டாங்க. பத்து நிமிசத்துல வந்துரலாம்னு போனேன். மத்தியானம் வயரை மாட்டுன பொறவு பாத்தா கேபிள் அறுந்து கெடக்கு. எல்லா வரியையும் அப்பத்தான் எழுதுனேன்." கப்பல், கடல், நாடு எல்லாம் குரலில் இருந்து போய்விட்டது. வாசல் பலகை மட்டும் வெளியே காற்றில் டக்டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது.

மாரிக்கனி எழுந்தே விட்டாள். "பாத்தீகளாய்யா! நீரு தேரு இழுக்கப் போயிட்டு, பழிய எந்தம்பி மேலயா போட்டீரு? மானம் இருக்கா உமக்கு? ஏலே விமல், நிமிந்து உக்காரு. இனிமே நீ ஏன் குனியணும்?"

விமல் நிமிரவில்லை.

"மாரிக்கனி, உக்காரு" என்றார் பொன்மணி. "கொழுந்தனாரே, வீடியோவ நிறுத்தாதீங்க. கொஞ்சம் முன்னால தள்ளுங்க. தேரு முக்குல திரும்ப முடியாம நின்ன எடம். கீழ ஓடுற எழுத்தை நேரத்தோட வாசிங்க."

ஜெயபாண்டி உற்சாகமாகத்தான் தொடங்கினார். "எட்டு பதினாறு, கும்பிடுற கை, விமல். எட்டு இருபத்தஞ்சு, 'கேமராவ மேல தூக்குங்கண்ணே', விமல். எட்டு முப்பத்தி நாலு, 'இடப்பக்கச் சக்கரத்துக்குக் கட்டை போடுங்க', விமல்." குரல் இறங்கிக்கொண்டே வந்தது. "எட்டு முப்பத்தொம்பது. 'தேர் நகந்துருச்சு.'"

அதற்கு ரெண்டு நிமிடம் கழித்துத்தான் கேபிள் அறுந்தது. போனுக்குள் ஜெயபாண்டி இன்னும் முழங்கிக்கொண்டிருந்தார்: "கடல்ல இருந்து பாக்குற விமல் தம்பிக்கு ஒரு கும்பிடு! லைவ்வ விட்டுப் போயிராதப்பா, அங்கேயே இரு!"

அவர் அவசரமாகப் போனின் வாயைப் பொத்தினார்.

"எம்புட்டோ தூரம் தள்ளி வந்த தேரு நகந்ததைக் கவனிச்சவனுக்கு, நின்ன கப்பல் நகர்றது தெரியல" என்றார் பொன்மணி. குரலில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் விமலுக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும். "கால் மணிக்கு ஒருக்கா இடத்தைச் சரிபாக்கணும்ல? தடைப் பகுதி உன் வரைபடத்துலயும் இருந்துச்சுல்ல?"

"இருந்துச்சு மேடம்."

"பொறவு அக்காவ ஏன் இம்புட்டுத் தூரம் இழுத்துட்டு வந்த?"

"நான் இழுக்கல. அவதான்..." என்று தொடங்கியவன் மாற்றிக்கொண்டான். "அவரு பொய் சொன்னது எனக்குத் தெரியும். அது வெளிய வந்துட்டா, என்னுது உள்ளேயே இருந்துரும்னு நினைச்சேன்."

மாரிக்கனி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். லிங்க்கை அனுப்பிய போன் அவள் மடியில்தான் இருந்தது. அதைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தாள்.

"அந்தக் கேபிளோட அடுத்த முனையில ஒரு தீவு இருக்கு, பேப்பர்ல படிச்சேன்" என்றார் பொன்மணி. "மூணு நாளு அங்க ஆம்புலன்ஸைக் கூப்பிடக்கூட வழியில்லாமக் கெடந்தாங்க. நம்ம ஊரு பேரே அவுகளுக்குத் தெரியாது. தெரியாம இருக்குறவரைக்கும் நமக்கு மருவாதை."

பதிவேட்டு நகலின் கடைசியில் இருந்த வெள்ளைத் தாள்களில் இரண்டைக் கிழித்து இருவர் முன்னாலும் வைத்தார்.

"எச்சரிக்கை வரலங்கிறது உண்மை, அதை எழுது. நீ பாக்கலங்கிறதும் உண்மை, அதையும் எழுது. சார், நீங்க மொத்தமும்."

"சர்டிபிகேட்?" என்றாள் மாரிக்கனி.

"நாலு மாசம் பிடிச்சு வைக்கலாம். மொத்தமாவும் போகலாம். எனக்குத் தெரியாது. ஆனா பொய் சொல்லிக் காப்பாத்துன சர்டிபிகேட்டை வச்சுக்கிட்டு இவன் மறுபடி கப்பலேறி என்னத்தைக் காக்க?"

இருவரும் எழுதினார்கள். சுந்தரபாண்டியனுக்குப் பேனா பிடிக்க உள்ளங்கை வலித்தது. ஜெயபாண்டி மெதுவாக மதினியின் பக்கம் சாய்ந்தார்.

"வீடியோவ அழிச்சிரவா மதினி?"

"அழிக்காதீங்க. அதுவும் சேந்து போகணும்."

"அதுல என் குரல் கேக்குமே."

"கேக்கட்டும்."

திரும்பும் பஸ்ஸில் ஜெயபாண்டி ஒரு சதியைக்கூடக் கண்டுபிடிக்கவில்லை. நாலு பேரும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்து வந்தார்கள். ராஜபாளையத்தில் இறங்கியதும் எதிரே பேனரில் வெள்ளைச் சீருடை விமல் ஊருக்கே சல்யூட் அடித்துக்கொண்டு நின்றான். கீழே நின்ற விமலால் அவனைப் பார்க்க முடியவில்லை.

"அண்ணே" என்றாள் மாரிக்கனி. "அதை எறக்கிருங்க."

ஜெயபாண்டி வேட்டியை மடித்துக் கட்டி, டீக்கடை ஸ்டூலில் ஏறினார். கயிற்றுக்குக் கை நீட்டியவரைப் பொன்மணி கீழேயிருந்து நிறுத்தினார்.

"பாத்து அவுருங்க, கொழுந்தனாரே. பின்னால கேபிள் போகுது."