பக்கத்து அறைக்குப் பெஞ்சு இல்லை

"அடுத்தது யாரு? நீங்கதானே... உள்ள வாங்க!"

"நானா?"

"பெஞ்சுல வேற யாரும் இல்லையே. நீங்கதான்."

அவன் எழுந்தான். எழுந்த விதத்திலேயே தெரிந்தது, உள்ளே வர அவனுக்குத் துளியும் இஷ்டமில்லை என்று. வெளியே மழை பிடித்துக் கொட்டிக்கொண்டிருந்தது. அந்த ராணுவக் கல்லூரியின் மருத்துவ மையத்தில் கண் பரிசோதகராக அவள் வேலைக்குச் சேர்ந்து அதுதான் முதல் வாரம். வாசலில் உட்கார்ந்த ஒருத்தரையும் பார்க்காமல் அனுப்புவதில்லை என்று புதுசுக்கே உரிய வைராக்கியத்தோடு இருந்தாள்.

"இல்ல மேடம்... எனக்கு ஒண்ணும் இல்ல... நான் சும்மாதான்..."

"சும்மா உக்கார இது என்ன பஸ் ஸ்டாண்டா? இந்த நாற்காலியில உக்காருங்க. இடது கண்ணை மூடிக்கிட்டு எதிர்ல இருக்கறதைப் படிங்க."

படித்தான். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, அதைவிடச் சின்ன எழுத்து என்று மளமளவென்று கடைசி வரி வரைக்கும் போனான். போனவன் நிறுத்தவில்லை.

"அதுக்குக் கீழயும் ஏதோ இருக்கு மேடம். அச்சடிச்சவங்க விலாசம். படிக்கவா?"

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அதை விழுங்கிவிட்டு, சின்ன விளக்கை எடுத்துக்கொண்டு அவன் கண்ணருகே குனிந்தாள். குனிந்தவள் எதற்குக் குனிந்தோம் என்பதையே ஒரு கணம் மறந்துபோனாள்...

ஒரு நாளைக்கு எத்தனை கண்களைப் பார்க்கிறவள்! கண் என்றால் அவளுக்குக் கருவிழி, பாவை, நரம்பு, அவ்வளவுதான். ஆனால் இந்தக் கண்கள்... மழையில் நனைந்த மரப்பட்டையின் நிறத்தில், ஓரமெல்லாம் லேசாகச் சிவந்து, நன்றாகத் தூங்கி நாளாகிவிட்ட கண்கள். நேராகப் பார்த்தன. பார்த்த உடனே தாழ்ந்துகொண்டன.

"ஆறுக்கு ஆறு," என்று நிமிர்ந்தாள். முழுப் பார்வைக்கு அந்தத் தொழிலில் சொல்லும் கணக்கு அது. "இப்படி ஒரு கண்ணை வச்சுக்கிட்டு எங்கிட்ட எதுக்கு வந்தீங்க?"

"மழைக்கு ஒதுங்கினேன் மேடம்."

சொல்லிவிட்டு, ஒதுங்கியதாகச் சொன்ன அந்த மழைக்குள்ளேயே இறங்கி ஓடிவிட்டான். அவன் காது மடல் இரண்டும் சிவந்திருந்தன. அவள் மனசுக்குள் அவனுக்குப் பெயர் வைத்தாயிற்று... ஆறுக்கு ஆறு.

அந்த மருத்துவ மையத்தின் போக்கே அவளுக்கு விசித்திரமாக இருந்தது. அங்கே படித்தவர்கள் எல்லோரும் பட்டம் வாங்கிவிட்டு அதிகாரிப் பயிற்சிக்கு வந்த பெரிய பிள்ளைகள். ஆனால் நீண்ட ஓட்டம் இருக்கும் நாளில் முழங்கால் வலிக்காரர்கள் காலையிலேயே திமுதிமுவென்று வந்துவிடுவார்கள். போட்டி நெருங்கினால் தலைகீழ். நிஜமாகவே கணுக்கால் வீங்கியவன்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு நேராக நடந்து காட்டுவான். டாக்டர் ஒரு வரி எழுதினால் அணியிலிருந்து கழற்றிவிடுவார்களே என்ற பயம். நேர்மையாக வந்துபோவது பல்வலி ஒன்றுதான்.

இதெல்லாம்கூட அவளுக்குப் புரிந்தது. புரியாதது புதன்கிழமை. மற்ற நாளெல்லாம் காற்றாடும் அவள் வாசல் பெஞ்சு, புதன்கிழமை ஆனால் நிரம்பிவிடும். கூப்பிட்டுப் பார்த்தால் பாதிப் பேருக்குக் கண்ணில் ஒரு குறையும் இருக்காது. மீதிப் பேர், அவள் கூப்பிடுவதற்குள் பெஞ்சிலிருந்து மாயமாகிவிடுவார்கள். ஆறுக்கு ஆறு மட்டும் வாராவாரம் தவறாமல் வந்தான். ஓரமாக உட்கார்ந்தான். அவள் எட்டிப் பார்த்தால் எழுந்து நின்றான். "கண்ணு எப்படி இருக்கு?" என்றால், "நீங்க விட்ட மாதிரியே இருக்கு மேடம்," என்றான்.

குடைந்துகொண்டே இருந்தது அவளுக்கு. வீட்டுக்குப் போய் அக்காவிடம் கொட்டினாள்.

"இதுல என்னடி ஆராய்ச்சி? நல்ல கண்ணு இருக்கறவன் கண் டாக்டர் வாசல்ல எதுக்கு உக்காருவான்? உன்னைப் பாக்கத்தான் வர்றான்!"

"போக்கா! உனக்கு எப்பவும் இதே நினைப்பு."

"சரி, நினைக்கல. உனக்கு ஏன் முகம் இப்படிச் சிவக்குது?"

அன்று துணி மடிக்கும்போது ஒரே துப்பட்டாவை மூன்று தடவை மடித்தாள். உள்ளுக்குள் இனித்தது. இனித்ததே அவளுக்குக் கோபமாகவும் இருந்தது. வேலை செய்யும் இடத்தில் தன்னை வேடிக்கைப் பொருளாக்கிவிட்டானோ? பெஞ்சில் இருக்கிறவர்கள் எல்லோரும் இதைத்தான் பேசிச் சிரிக்கிறார்களோ?

அடுத்த புதன்கிழமை கதவைத் திறந்தாள். பெஞ்சு நிறைய ஆட்கள். ஓரத்தில் அவன்.

"ஏங்க, உங்க கண்ணுலதான் ஒரு குறையும் இல்லைன்னு சொல்லியாச்சே!" வேண்டுமென்றே எல்லோர் காதிலும் விழும்படி கேட்டாள். "வாராவாரம் எதுக்கு வந்து உக்காருறீங்க? யாரைப் பாக்க வர்றீங்க?"

பெஞ்சு சிரிக்கும் என்று எதிர்பார்த்தாள். ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. எல்லோரும் அவரவர் பூட்ஸைப் பார்த்தார்கள். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. எழுந்தான், சல்யூட் அடிக்காத குறையாக விறைத்து நின்றான், "மன்னிச்சுக்கோங்க மேடம்," என்றான், நடந்துவிட்டான். அவன் பின்னாலேயே ஒவ்வொருவராக மற்றவர்களும் எழுந்து போனார்கள்.

அதற்கடுத்த புதன்கிழமை பெஞ்சு காலி.

பக்கத்து அறைக் கதவு திறந்தது. வாரத்துக்கு ஒரு நாள், புதன்கிழமை மட்டும் வருகிற டாக்டரம்மா, கத்தரித்த நரைமுடியை ஒதுக்கிக்கொண்டு வந்து அந்தக் காலிப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"காலையிலேருந்து ஈ ஓட்டிக்கிட்டிருக்கேம்மா. எங்கிட்ட யார் வருவாங்க, என்ன பேசுவாங்கன்னு உயிர் போனாலும் சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ணு கேக்கறேன். என் ரூம் வாசல்ல பெஞ்சு கிடையாதே, கவனிச்சிருக்கியா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். மனநல ஆலோசனை என்று பலகை. மூடிய கதவு. வெறும் சுவர்.

"போட்டுத்தான் பாத்தோம். ஒருத்தன் உக்காரல. உன் வாசல்ல உக்காந்தா கண்ணு வலி. என் வாசல்ல உக்காந்தா அவனைப் பத்தி ஊரே பேசும். ராணுவத்துக்கு வந்தவன் மனசு சரியில்லைன்னு சொல்லலாமா?... அதான் இங்க உக்காந்துட்டு, யாரும் பாக்காதப்ப நழுவி வருவாங்க."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேட்ட கேள்வி ஒவ்வொரு வார்த்தையாகத் திரும்ப வந்து சுட்டது. யாரைப் பாக்க வர்றீங்க... எல்லோர் முன்னாலும்... அடிப் பாவி, என்ன காரியம் செய்துவிட்டாய்!

மனசு கேட்கவில்லை. மாலையில் பயிற்சி மைதானத்துக்கே போனாள். தூறிக்கொண்டிருந்தது. ஏறும் சுவருக்கு முன்னால் அவன் தனியாக நின்றிருந்தான். மேலேயிருந்து தொங்கிய கயிற்றை நோக்கிக் கை போகும். தொடுவதற்கு முன்னால் திரும்பிவிடும்.

"நான் உங்ககிட்ட மன்னிப்புக் கேக்க வந்தேன்," என்றாள்.

"எதுக்கு மேடம்? என் கண்ணு நல்லாதான் இருக்குன்னு நீங்களே சொல்லிட்டீங்க."

"எனக்கு அந்தப் பக்கத்து ரூம் விஷயம் தெரியாது. தெரிஞ்சிருந்தா..."

அவன் விறைப்பு கொஞ்சம் தளர்ந்தது. நனைந்த கயிற்றைப் பார்த்துக்கொண்டே பேசினான். "மேல ஏறினது என் நண்பன். கீழ கயிறு பிடிச்சது நான். நழுவிடுச்சு. அவனுக்குக் கால் முறிஞ்சு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அவன் தினமும் போன் பண்ணிச் சிரிச்சுப் பேசறான். என்னாலதான் கண்ணை மூட முடியல. மூடினா கயிறு ஓடுது. பரீட்சையில இன்னொருத்தன் உயிரை இந்தக் கையில பிடிச்சாகணும். முடியலைன்னா நானும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

"அந்த டாக்டர்கிட்ட பேசிக்கிட்டிருந்தீங்களே, கொஞ்சமாவது..."

"கொஞ்சம் தூக்கம் வர ஆரம்பிச்சிருந்துச்சு." சிரிக்கப் பார்த்தான். "எங்க அப்பா வாழ்நாள் பூரா ராணுவத்துல இருந்தவர். தூக்கம் வரலைன்னு ஒரு நாள் சொன்னதில்ல. நான் போய் இன்னொருத்தர் வாசல்ல ஒளிஞ்சு உக்காந்தேன். அதுவும் வெட்டவெளிச்சமாயிடுச்சு. விடுங்க மேடம்... இனிமே வரல."

விடுவதா? அவளா? தலைமை மருத்துவ அதிகாரியிடம் போய் நின்றாள். பயிற்சியில் இருக்கும் அத்தனை பேருக்கும் வரும் புதன்கிழமை கண் பரிசோதனை என்று உத்தரவு வாங்கிக்கொண்டுதான் நகர்ந்தாள். கூட்டம் நெரிந்தால் யார் எந்தக் கதவுக்குள் போனார்கள் என்று யார் பார்க்கப் போகிறார்கள்?

அந்தப் புதன்கிழமை வராந்தாவே திணறியது. பெஞ்சில், படியில், ஜன்னல் கட்டையில் எல்லாம் ஆட்கள். ஒரே சிரிப்பும் தள்ளுமுள்ளும். அவள் கண் மட்டும் வாசலிலேயே இருந்தது... வந்தான். தலைமுடியில் மழைத்துளியோடு, கூட்டத்தை ஒருமுறை பார்த்தான், அவளை ஒருமுறை பார்த்தான். அவள் எதற்காக இத்தனை கூத்தும் செய்தாள் என்று புரிந்தது அவனுக்கு. நழுவிப் போக அருமையான சமயம். அவன் நழுவவில்லை.

"டேய், வரிசையில நில்லுடா!" என்றான் முன்னால் நின்ற ஒருவன்.

"எனக்குக் கண் டெஸ்ட் இல்லடா. பக்கத்து ரூம் டாக்டரைப் பாக்கணும். தூக்கம் வரல."

குரல் சற்று நடுங்கியது, ஆனால் வராந்தா முழுக்கக் கேட்டது. முன்னால் நின்றவன் ஒதுங்கி வழி விட்டான். அவன் நேராக நடந்து, அந்தக் கதவை எல்லோரும் பார்க்கத் தட்டி, உள்ளே போனான். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. எதிரே நாற்காலியில் இருந்த பையன் படித்துக்கொண்டிருந்த எழுத்துகள் எல்லாம் அவளுக்கே மங்கலாகத் தெரிந்தன. வெளியே யாரோ ஒருவன் தணிந்த குரலில் கேட்டான்... "அவனுக்கு அடுத்து நான் போகலாமா?"

கூட்டம் வடிந்த பிறகு அவள் அறை வாசலில் நிழல் விழுந்தது.

"உள்ள வரலாமா மேடம்?"

"உங்க கண்ணுக்கு என்ன?"

"ஒண்ணும் இல்ல. உங்களுக்கு ஒரு பதில் பாக்கி இருக்கு. யாரைப் பாக்க வர்றீங்கன்னு கேட்டீங்களே..."

"ஐயோ, அதை விடுங்க! நான் ஒரு மடச்சி."

"இல்ல. கேளுங்க." நாற்காலியின் முதுகை இறுகப் பிடித்துக்கொண்டான். "நீங்க என்னை உள்ள கூப்பிட்டீங்களே, அன்னிக்கு அந்தக் கதவைத் தட்டத்தான் வந்தேன். தைரியம் வரல. அடுத்த வாரம் வந்திருக்கவே மாட்டேன். உங்களை இன்னொரு தடவை பாக்கலாமேன்னுதான் கிளம்பினேன். வந்ததால அந்தக் கதவையும் தட்டினேன். அதனால... நீங்க நினைச்சது பாதி சரிதான் மேடம். உங்களைப் பாக்கவும்தான் வந்தேன். பரீட்சையில தேறினாலும் தேறலைனாலும் இதைச் சொல்லிடணும்னு இருந்தேன். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு."

அவள் மேசைமேல் இருந்த லென்ஸ்களை அடுக்கினாள், கலைத்தாள், மறுபடி அடுக்கினாள்.

"பரீட்சை முடியற வரைக்கும் புதன்கிழமை தவறாம பக்கத்து ரூமுக்குப் போகணும்," என்றாள் தலை நிமிராமல்.

"போறேன்."

"தேறலைன்னா ஓடிப்போகக் கூடாது."

"மாட்டேன்... அப்புறம் மேடம்?"

"மேடம்னு கூப்பிடறதை முதல்ல நிறுத்துங்க." நிமிர்ந்தாள். இந்தத் தடவை அவன் கண்கள் தாழவில்லை, அவளுடையதும் தாழவில்லை. "எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு. நீங்க வராத வாரம் அந்தக் காலிப் பெஞ்சை என்னால பாக்கவே முடியல."