பெயர் எழுதாத பொட்டலம்

முளைகள் ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன.

ஜிப்னாவுக்கு அது புதிது. பண்டாரவளையில் பத்து வருடமாகப் பூச்செடி வளர்க்கிறவள் அவள். பேஸ்புக் குழுவொன்றின் மூலம் வெளிநாட்டுத் தோட்டக்காரர்களோடு விதை மாற்றிக்கொள்வாள். போலந்திலிருக்கும் மார்த்தாவுக்குக் காசித்தும்பை விதை அனுப்பியிருந்தாள். பதிலுக்கு வந்த கடித உறையில் ஆறு பொட்டலங்கள். ஐந்தில் பூவின் பெயர் எழுதியிருந்தது. ஆறாவதில் எதுவும் இல்லை. அதிலிருந்த கறுப்பு விதைகள்தான் நான்கே நாளில் முளைத்து, வெளிச்சத்தை விட்டு வீட்டுக்குள் சாய்ந்து நின்றன.

ஜன்னலோரம் இருந்த பூச்சட்டியைத் திருப்பி வைத்தாள். விடிந்தபோது மறுபடியும் உள்பக்கம். குசினி மூலையில், அடுப்புக்குப் பக்கத்தில் தரையில் வைத்துப் பார்த்தாள். அங்கே சுவரைப் பார்த்துச் சாய்ந்தன. சுவருக்கு அந்தப் பக்கம் ஸனாவின் அறை. ஆறு வயது மகள் இரண்டு நாளாகக் காய்ச்சலில் கிடந்தாள்.

"செடிக்கு என்ன, பார்க்கக் கண்ணா ஈக்கி? சும்மா மனசப் போட்டுக் குழப்பிக்காத," என்று சிரித்துவிட்டு, கணவன் ஷுக்ரி பதுளையிலிருக்கும் கடைக்குப் போய்விட்டான்.

பிற்பகல் மூன்று மணிக்கெல்லாம் தேயிலைச் சரிவிலிருந்து மூடுபனி ஏறி வந்து முற்றத்தை மூடியது. யூக்கலிப்டஸ் இலையின் வாடையும் ஈரச் சீமெந்தின் குளிரும் கதவிடுக்கு வழியாக உள்ளே வர, எங்கோ கீழே ரயில் ஒன்று கூவிக்கொண்டே போய் அடங்கியது. பிறகு வீட்டுக்குள் ஒரு சத்தம். ஈரத் தாளை யாரோ மெதுவாகக் கிழிப்பதுபோல. குசினிப் பக்கமிருந்து.

மார்த்தாவுக்கு எழுதினாள். "அந்தப் பெயரில்லாத விதை என்ன பூ?"

உடனே பதில் வந்தது. "எந்தப் பக்கம் சாய்கிறது?"

"என் மகளின் அறைப் பக்கம்."

பிறகு ஒரே ஒரு செய்தி.

"என்னை மன்னித்துவிடு. எங்கள் வீட்டில் அதற்கு இனி யாரும் இல்லை."

ஜிப்னா குசினிக்கு ஓடினாள். சட்டியைத் தூக்கினாள். வரவில்லை. இரு கையாலும் பிடித்து இழுத்தாள். அரை அங்குலம் மேலே வந்தது. அடியிலிருந்த துளை வழியாக வெள்ளை வேர்கள், நனைந்த நூல்போல. சீமெந்து வெடிப்புக்குள் இறங்கி, சுவரோரமாக ஓடி, ஸனாவின் கதவுக்கு அடியில் நுழைந்திருந்தன.

அவற்றைக் கையில் சுற்றிப் பிடித்தாள். சூடாக இருந்தன. இழுத்தாள்.

"உம்மா, இழுக்க வாணாம்," கதவுக்குப் பின்னாலிருந்து ஸனாவின் குரல். "நோவுது."

கை தானாக விட்டது.

கதவைத் தள்ளினாள். அறைக்குள் மண் வாடை. ஸனா கண்மூடி மல்லாந்து கிடந்தாள். போர்வையை விலக்கினாள். கட்டில் காலில் ஏறிய வேர்கள் பிள்ளையின் குதிகாலுக்குள் போயிருந்தன. முழங்கால் வரை, தோலுக்கு அடியில், வெள்ளைக் கோடுகள். மெல்ல நகர்ந்தன.

"ஸனா... மகள்..."

பிள்ளை கண் திறக்கவில்லை. பதில் சொல்வதுபோல வாய் மட்டும் திறந்தது.

நாக்குக்குப் பின்னால், தொண்டையை அடைத்துக்கொண்டு, ஒரு கறுப்பு மொட்டு விரியத் தொடங்கியிருந்தது.