மூணு மலைக்கு, ஒண்ணு உனக்கு

பலுகு இன்னும் மலையேறிக்கொண்டிருந்தான். அவனுடைய மிதி மட்டும் முன்னாலேயே வந்துவிட்டது.

நிலநடுக்கமானியின் காகித உருளையில், மேல் நிலையத்துக்கான பேனா முள் மூன்று முறை துள்ளியது, கொஞ்சம் பொறுத்தது, இன்னொரு முறை துள்ளியது. மசிகா வழக்கம்போலப் பென்சிலை எடுத்து அந்தத் துள்ளலுக்குப் பக்கத்தில் தம்பி பெயரின் முதல் எழுத்தைப் போட்டாள். போட்ட பிறகுதான் கை நின்றது. மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம்தான் ஜீப்பே கிளம்பியது. எவ்வளவு ஓட்டமாகப் போயிருந்தாலும் இந்நேரம் அவன் மூங்கில் காட்டைத் தாண்டியிருக்க முடியாது.

ரேடியோவை நம்பி இந்த எரிமலையில் எவனும் வேலை பார்க்க முடியாது. மேகம் இறங்கினால் போதும், பேச்சு கரகரப்பாகிவிடும். அதனால் கால்தான் பேசும். மேலே போகிறவன் நிலநடுக்கக் கருவி புதைத்த இடத்துக்குப் பக்கத்தில் நின்று தரையை மிதிக்க வேண்டும். போய்ச் சேர்ந்ததும் ஒரு தடவை, கிளம்பும்போது ஒரு தடவை. மலையிலிருந்து ஏரிக்கரை வரை இருக்கிற ஒவ்வொரு நிலையத்திலும் அப்படித்தான்; ஒவ்வொன்றுக்கும் உருளையில் தனி முள், தனிக் கோடு. கருவி பழுதா என்று சந்தேகம் வந்தாலும் இங்கே யாரும் யோசிப்பதில்லை, போய் மிதித்துப் பார்த்துவிடுவார்கள். ஆளாளுக்கு ஒரு மிதி உண்டு. ஓட்டுநர் ஜெஃபிரினுடையது இரண்டே இரண்டு, யானை மிதி. பலுகுவுடையது மூன்று, இடைவெளி, ஒன்று. அது என்னடா கணக்கு என்று மசிகா ஒருமுறை கேட்டதற்கு, "மூணு மலைக்கு, ஒண்ணு உனக்கு" என்றான். அன்றிலிருந்து அந்தக் கடைசித் துள்ளலைப் பார்க்காமல் அவளுக்குச் சோறு இறங்குவதில்லை. அப்பா அம்மா போன பிறகு அவளுக்கு மிச்சம் இருக்கிறவன் அவன் ஒருத்தன்தான்.

அவள் ரேடியோவை எடுத்தாள்.

"பலுகு, எங்கடா இருக்கே?"

"மூங்கில் காட்டுல. ஏன்க்கா, ஒரு மனுஷன் நிம்மதியா ஒதுங்கக்கூட விடமாட்டியா?"

"மேல போய்ச் சேரலையா?"

"எனக்கென்ன றெக்கையா முளைச்சிருக்கு? இன்னும் பாதி வழி கிடக்கு."

"உன் மிதி வந்துச்சுடா."

மறுபக்கத்தில் மூங்கில் இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது.

"கரி சுடுறவனுங்க எவனாவது இருக்கும். சோலார் பலகையைக் கழட்ட வந்திருப்பானுங்க."

"கரி சுடுறவனுக்கு உன் மிதி எப்படித் தெரியும்?"

"பார்த்திருப்பான். நான் ஆடுற ஆட்டத்துக்கு மரத்துக்கு மரம் ரசிகனுங்க இருக்கானுங்க, உனக்குத்தான் தெரியல."

"விளையாடாத. திரும்பி வந்துடு."

"பேட்டரியைத் தூக்கிட்டுப் போயிட்டா மலையோட அந்தப் பக்கம் நமக்குக் கண்ணே இல்லாமப் போயிடும். அப்புறம் ஊர் சனத்துக்கு யார் பதில் சொல்றது? நீயா?"

இரண்டு வாரமாகவே மலை சரியில்லை. "காத்து நிக்கறதுக்குள்ள பள்ளத்தைத் தாண்டி இறங்கிடணும், சொல்லிட்டேன்" என்றாள். மேல் நிலையத்துக்குக் கீழே ஒரு பள்ளம் உண்டு. சாயங்காலம் காற்று நின்றால் அதில் கெட்ட காற்று வந்து தேங்கும். குனிந்தவன் நிமிர்ந்ததில்லை.

"லைட்டரைக் கால் கிட்ட பிடிச்சுக்கிட்டே வர்றேன், தாயே. அணைஞ்சா ஓடிடறேன். நீ மீனை வறுத்து வை."

மசிகா இருந்த இடத்துக்குக் கண்காணிப்பு நிலையம் என்று பெயர்தான் பெரிது, இருப்பதென்னவோ கிவு ஏரியைப் பார்த்த ஒரு பழைய வீடு. போன தடவை மலை பொங்கியபோது இந்தத் தெருவே எரிமலைக் குழம்பில் முழுகியது. இறுகிய குழம்பின் மேலேயே மறுபடி வீடு கட்டிக்கொண்டார்கள். இந்த வீட்டுத் தரைக்குக் கீழே வேறு யார் வீட்டுக் கூரையோ இருக்கிறது. சனிக்கிழமை என்பதால் மற்றவர்கள் எல்லோரும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். மசிகா சன்னலைத் திறந்து வைத்தாள். கருவாட்டு வாடையும் அடுப்புக்கரிப் புகையும் அதற்கெல்லாம் அடியில் மலையின் கந்தக நெடியும் சேர்ந்து உள்ளே வந்தன. தெருவில் முட்டைக்கோஸ் மூட்டை ஏற்றிய மரத் தள்ளுவண்டிகள் கடகடவென்று ஏரிப்பக்கம் இறங்கின, தேவாலயத்தில் பெண்கள் ஒரே வரியை மறுபடியும் மறுபடியும் பாடிப் பழகிக்கொண்டிருந்தார்கள், உருளை தன் பாட்டுக்குக் கிர்ர் என்று சுற்றிக்கொண்டிருந்தது. எல்லாம் எப்போதும்போலத்தான் இருந்தது.

வெயில் மஞ்சளாகும் நேரத்தில் முள் துள்ளியது. மூன்று, இடைவெளி, ஒன்று. உடனே ரேடியோவும் உயிர்பெற்றது.

"வந்து சேர்ந்தாச்சு. இங்க ஒரு ஈ காக்கா இல்ல."

"பேட்டரி?"

"பத்திரமா இருக்கு. அக்கா, பெட்டி மேல சிலந்தி வலை பின்னியிருக்கு, ஒரு நூல் அறுந்து போகல. புல்லும் நிமிர்ந்து நிக்குது. ரொம்ப நாளா இங்க யாரும் காலே வைக்கல."

"அப்போ மதியம் வந்தது?"

"உன் கண்ணுல கோளாறு. இரு, பேட்டரியை மாத்திட்டு..."

அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே முள் துள்ளியது. மூன்று. இடைவெளி. ஒன்று.

"ஏன்டா திரும்பத் திரும்ப மிதிக்கிறே?"

"நான் எங்க மிதிச்சேன்? உக்காந்துல்ல இருக்கேன்."

"பலுகு."

"சும்மா பயமுறுத்தாதக்கா." பிறகு அவன் குரல் இறங்கியது. "அக்கா, இரு. எனக்கும் தெரியுது."

"என்ன தெரியுது?"

"கட்டில்ல படுத்திருக்கறப்போ அடியில ஒருத்தன் புகுந்துக்கிட்டுப் பலகையைத் தட்டுவான்ல? அந்த மாதிரி."

மசிகா காகிதத்தின் மேல் குனிந்தாள். இத்தனை வருஷம் பார்த்த கோடுகள்தான். தரையில் நின்று மிதித்தால் முள் முதலில் கீழே இறங்கும், அப்புறம்தான் ஆடும். அடி மேலிருந்து விழுகிறது, மண் கீழே போகிறது, அவ்வளவுதான் சங்கதி. அவள் உருப்பெருக்கியை எடுத்து வைத்துப் பார்த்தாள். பலுகு வந்து சேர்ந்தபோது மிதித்தது சரியாகக் கீழே இறங்கியிருந்தது. மதியம் வந்த மிதியில் முள் முதலில் மேலே போயிருந்தது. இப்போது வந்ததிலும் அப்படியே. நாலு துள்ளலும் மேலே. அதாவது, தரையை யாரும் மிதிக்கவில்லை. அடியிலிருந்து இடித்திருக்கிறார்கள்.

அவள் ரேடியோவை இழுத்து வாயருகே பிடித்தாள்.

"இறங்கு. பெட்டியைப் பூட்ட வேண்டாம். இறங்குடா!"

"என்னாச்சு?"

"எங்கயும் மிதிக்காத. பாதி வழி நிலையத்துலயும் மிதிக்காத. ஓடி வா."

"மிதிக்காம வந்தா நான் எங்க இருக்கேன்னு உனக்கு எப்படி..." என்று அவன் சொல்லும்போதே கரகரப்பு வந்து குரலை மூடிக்கொண்டது. அதற்குப் பிறகு அவள் எத்தனை முறை கூப்பிட்டும் பதில் வரவில்லை.

வெளியே தள்ளுவண்டிகளின் சத்தம் ஓய்ந்தது. பாட்டும் நின்றது. சன்னல் திரை அசையாமல் தொங்குவதை மசிகா அப்போதுதான் கவனித்தாள். காற்று நின்றுவிட்டது. அவன் பள்ளத்தைத் தாண்டியிருப்பானா? லைட்டர் எரியுமா, அணைந்திருக்குமா? கால் தடுக்கி விழுந்திருந்தால்? ஐயோ, கடவுளே. பாதி வழி நிலையத்தின் கோட்டிலிருந்து அவள் கண்ணை எடுக்கவில்லை. மிதிக்காதே என்று சொன்னவளே இப்போது மிதி வராதா என்று ஏங்கினாள்.

வந்தது. மூன்று, இடைவெளி, ஒன்று.

"அப்பாடா!" என்று வாய்விட்டுக் கத்தினாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சொன்ன பேச்சைக் கேட்காத கழுதை, உயிரோடு இருக்கிறான், அது போதும். சிரித்துக்கொண்டே உருப்பெருக்கியை வைத்தாள்.

மேலே போயிருந்தது.

சிரிப்பு முகத்திலேயே உறைந்தது. கொஞ்ச நேரத்தில் அடிவாரத்து நிலையம் துள்ளியது. மேலே. ஒரு ஆள் மலையிறங்குகிற அதே வேகம். அப்போது ரேடியோவில் ஜெஃபிரினின் குரல் வந்தது.

"மசிகாம்மா, தம்பி வந்துட்டான். மூச்சு இரைக்குது, மத்தபடி நல்லா இருக்கான். கூட்டிட்டு வர்றேன்."

"அண்ணே, அவன் அங்க மிதிச்சானா?"

"எங்க மிதிக்கிறது? பேய் துரத்தின மாதிரி ஓடி வந்து வண்டியில விழுந்தான். ஏன்?"

"ஒண்ணுமில்ல. சீக்கிரம் வாங்க. எங்கயும் நிறுத்தாதீங்க."

சாலையோரத்தில் வரிசையாக நிலையங்கள் உண்டு. பன்றிப்பட்டிக்குப் பக்கத்தில் ஒன்று. பள்ளிக்கூட மைதானத்தில் ஒன்று. சந்தைக்குப் பின்னால் ஒன்று. அவை ஒன்றன்பின் ஒன்றாகத் துள்ளின. இப்போது நடக்கிற வேகம் இல்லை. ஜீப்பின் வேகம். ஒவ்வொன்றும் மேலே. அது வண்டிக்கு அடியிலேயே வந்துகொண்டிருந்தது.

பிறகு கோடுகள் எல்லாம் அடங்கின. வாசலில் ஹாரன் அடித்தது.

மசிகா ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். முழங்கால் வரை கருந்தூசியோடு பலுகு நின்றான். அவனை இழுத்துக் கட்டிக்கொண்டாள். வியர்வை, புகை, ஈர இலை. எல்லாம் அவன் வாடைதான். அவன் தலைமுடியைப் பிடித்து ஆட்டினாள்.

"விடுக்கா, ஜெஃபிரின் அண்ணன் பார்க்கறாரு. மீன் எங்க?"

"பாதி வழியில மிதிச்சியா?"

"நீதானே வேண்டாம்னே."

அவள் காகிதத்தைக் காட்டினாள். அவன் குனிந்து பார்த்தான், உதட்டைப் பிதுக்கினான், பிறகு சிரித்தான். பயந்தவன் சிரிக்கிற சிரிப்பு அது.

"ஒயரை மாத்திக் குடுத்திருக்கானுங்க. கூட்டல் கழித்தல் மாறினா கோடு தலைகீழாத்தான் வரும். இதுக்கா இப்படி நடுங்குறே? மலை எதையோ முனகுது, நாம அதுல தாளத்தைத் தேடறோம்."

"எல்லா நிலையத்துலயுமா ஒயர் மாறும்?"

"முற்றத்துக் குழியில இருக்கற கருவி நானே மாட்டினது. அதுல மாறியிருக்க வாய்ப்பே இல்ல. மிதிச்சுக் காட்டறேன், கீழ போகுதா இல்லையான்னு நீயே பாரு. அப்புறம் சோறு போடு."

"வேண்டாம்டா!"

"சந்தேகம் வந்தா மிதிச்சுப் பார்க்கணும். நீதானே எனக்குச் சொல்லிக் குடுத்தே?"

அவன் வெளியே போய்விட்டான். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மேல் நிலையத்தில் அவன் நிஜமாக மிதித்தபோது கோடு கீழேதான் இறங்கியது. ஒயர் சரியாகத்தான் இருக்கிறது. அவள் சன்னலுக்கு ஓடினாள்.

முற்றத்துக் கருஞ்சரளையில் ஜீப்பின் விளக்கு வெளிச்சம் விழுந்திருந்தது. பலுகு குழியின் பக்கத்தில் நின்றான். அவளைப் பார்த்துக் கையாட்டினான்.

"பலுகு, வாடா உள்ள!"

அவன் காலைத் தூக்கினான்.

ஒன்று.

அவள் உருளையைத் திரும்பிப் பார்த்தாள். கீழே.

இரண்டு. கீழே.

மூன்று. கீழேதான்.

"கீழ!" என்று கத்தினாள். "கீழதான் போகுது!"

"நான்தான் சொன்னேனே!" பலுகு பல் தெரியச் சிரித்தான். இடைவெளி. வலது காலை உயரத் தூக்கினான். "இது உனக்கு!"

முதுகுக்குப் பின்னால் முள் கீச்சிட்டது.

அவன் கால் இன்னும் காற்றில்தான் இருந்தது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கவேண்டிய அவசியம் இல்லை. தூக்கிய காலுக்கு நேர் கீழே சரளை அசைந்தது. கற்கள் ஒவ்வொன்றாக உருண்டு விலகின. கருந்தரை மெல்ல உப்பி எழுந்தது. முதலில் குதிகால். பிறகு பாதத்தின் வளைவு. பிறகு விரல்கள். அச்சு அசல் ஒரு பாதத்தின் அளவு. அது எழும்பி, எழும்பி, அவன் பூட்ஸின் அடியைத் தொட்டது. தொட்டபடியே நின்றுவிட்டது.

பலுகுவின் சிரிப்பு மறைந்தது. அவன் கீழே பார்த்தான்.

"அக்கா," என்றான். "நான் இன்னும் கால வைக்கல."