இந்த ஆய்வேட்டை ஸ்கேன் பண்ணாதே!

போன் அலறியது.

பேராசிரியர் தமிழ்வேந்தன் எரிச்சலோடு எடுத்தார். நாளைக் காலை இன்டர்வியூ. அது முடிந்தால் அவர்தான் துணைவேந்தர்! இந்த நேரத்தில் எவன் உயிரை வாங்குகிறான்?

"சார்... லைப்ரரி ஸ்கேனிங் ரூம்லருந்து தபஸ்ஸும் பேசறேன். பழைய பிஎச்.டி. தீசிஸ் எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி நெட்ல ஏத்தறோம்ல... இன்னிக்கு உங்களோடது!"

கையிலிருந்த டீ சட்டையில் கொட்டியது.

"என்னோடது வேணாம்மா."

"எல்லாத்தையும் ஏத்தணும்னு ஆர்டர் சார். எங்கயாவது காப்பி அடிச்சிருந்தா சாஃப்ட்வேரே சொல்லிடும்."

"நிறுத்து! நான் வர்றேன். அதுவரைக்கும் கை வெக்காத!"

அவருக்குக் குப்பென்று வியர்த்தது. வியர்க்காதா பின்னே?

இருபது வருஷத்துக்கு முன்னால் அவரும் மேகலாவும் ஒரே லேபில் தோல் பதனிடும் ஆராய்ச்சி செய்தார்கள். அவள் முடித்துவிட்டாள். இவருக்கு ஐந்து வருஷத்தில் ஐந்து பக்கம்கூடத் தேறவில்லை. பொறாமை!

ஆம்பூர் டேனரி. கழிவுநீர்த் தொட்டி. ஒரு சாயங்காலம்... ஒரே தள்ளு!

'அன்னிக்கு நான் சென்னையில இருந்தேன்' என்றார் போலீஸிடம். நம்பினார்கள். மேகலா தயாராக வைத்திருந்த ஆய்வேட்டில் முதல் பக்கத்தை மட்டும் மாற்றி பைண்டிங் போட்டார். டாக்டர் ஆனார். படுபாவி!

ஆனால் சாவதற்கு முன் மேகலா ஒரு பத்திரிகைக்கு அனுப்பிய கட்டுரை இன்னும் நெட்டில் கிடக்கிறது. வரிக்கு வரி ஒத்துப் போகும். மற்ற பிரதிகளை எப்போதோ எரித்துவிட்டார். மிச்சம் லைப்ரரியில் இருக்கும் இந்த ஒன்றுதான்.

ஓடினார்.

உள்ளே நுழைந்ததும் கதவைத் தாழிட்டார். ஸ்கேனர் முன்னால் தபஸ்ஸும் மட்டும் உட்கார்ந்திருந்தாள். மேஜையில் அவர் ஆய்வேடு.

"குடு அதை."

"வெளிய தரக் கூடாது சார்."

"நான் யாருன்னு தெரியுமா?"

"நாளைக்கு விசி. ஊருக்கே தெரியும்."

"தெரிஞ்சும் வாயாடறியா? உன் வேலை இன்னியோட காலி!"

"ஆகட்டும் சார். தர மாட்டேன்."

பைண்டிங் அறுக்கும் கத்தி மேஜையில் கிடந்தது. பாய்ந்து எடுத்தார். அவள் கழுத்தில் வைத்தார்.

"கத்தினே... தீர்ந்தே!"

ஆய்வேட்டை இழுத்து ஒரு கையாலேயே கிழிக்கத் தொடங்கினார். முதல் அத்தியாயம். இரண்டு. மூன்று. நான்காவதில் கை நின்றது.

அந்த அத்தியாயத்தில் பக்கத்துக்கு ஒரு தோல் துண்டு ஒட்டியிருக்கும். இப்போது ஒன்றையும் காணோம். பசைக் கறைதான் இருந்தது.

"துண்டெல்லாம் எங்கடி?"

"துண்டு ஒட்டியிருந்தா பக்கம் கண்ணாடியில சப்பையா உக்காராது சார். பிரிச்சுட்டுத்தான் ஸ்கேன் பண்ணுவோம். பிரிச்சப்பதான் பின்பக்கத்தைப் பாத்தேன்."

"பின்பக்கத்துல இன்னா?"

"சாம்பிள் எடுத்தவங்க பேரு, தேதி, நேரம், சாட்சி கையெழுத்து. எல்லாத்துலயும் மேகலா பேருதான். கடைசித் துண்டுல அவங்க செத்த அன்னிக்குத் தேதி. ஆம்பூர் டேனரி. சாயங்காலம் நாலரை மணி. சாட்சி... நீங்க!"

 லேபில் ஒருவர் சாம்பிளுக்கு இன்னொருவர் சாட்சிக் கையெழுத்துப் போடுவது வழக்கம். எவன் படித்துப் பார்த்துப் போட்டான்? அன்றைக்கு டேனரியில் மேகலா நீட்டினாள். போட்டார். அவர் கண் முன்னாலேயே ஒட்டினாள். ஒரு மணி நேரம் கழித்து அவளைத் தள்ளினார்!

"நீ... நீ யாருடி?"

"முக்தார் அகமது பொண்ணு. அந்த டேனரி ஃபோர்மேன். தொட்டிகிட்ட கடைசியா நின்னவர்னு எங்கப்பாவைப் புடிச்சிட்டுப் போனாங்க. மூணு வருஷம் ஜெயில்ல இருந்தாரு. சாட்சி இல்லன்னு விட்டாங்க. ஆனா ஊரு விடலியே! கொலைகாரன்னு சொல்லி சொல்லியே சாவடிச்சாங்க!"

அவள் கண்ணில் பயம் இல்லை. வெறுப்பு கொதித்தது.

"துண்டைக் குடு! இல்லன்னா அறுத்துடுவேன்!"

"அது என்கிட்ட இருக்கு சார்."

பீரோவுக்குப் பின்னாலிருந்து இன்ஸ்பெக்டர் பூங்குழலி வெளிப்பட்டாள். கையில் துப்பாக்கி. பின்னால் இரண்டு கான்ஸ்டபிள்கள்.

"கத்தியக் கீழ போடுங்க!"

கத்தி விழுந்தது.

"பொய்! அது என் கையெழுத்தே இல்ல!"

"அப்படித்தான் சொல்வீங்கன்னு தெரியும். அதுக்குத்தான் தபஸ்ஸுமை விட்டு போன் பண்ண வெச்சேன். கையெழுத்து உங்களோடது இல்லன்னா எதுக்கு சார் துண்டைக் கேட்டுக் கழுத்துல கத்தி வெச்சீங்க?"

விலங்கு மாட்டினார்கள். தபஸ்ஸும் அவர் முகத்துக்கு நேராக வந்து நின்றாள்.

"எங்கப்பாவுக்குப் போட்டதும் இதே மாதிரி விலங்குதான்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். 

பூங்குழலி சிரித்தாள்.

"வாங்க டாக்டர், ஸ்டேஷன்ல மறுபடி ஒரு வைவா வெச்சுக்கலாம். கேள்வி நான் கேக்கறேன்... காப்பி அடிக்க இந்தத் தடவை மேகலாவோட தீசிஸ் இல்ல!"