குத்தாமல் தொங்கிய குண்டூசிகள்

ஜூலை பதினேழாம் நாள், வியாழக்கிழமை. விடிந்தது முதல் தூறல். ஈரக்காற்று உடலை நடுக்கியது.

அன்று காலை, கனத்த வேலையங்கியைக் கழற்றாமலே ஒரு தையற்காரர் மருத்துவமனையின் கருவிப் பரிசோதனை அறைக்குள் நுழைந்தார். கைப்பையை அணைத்தபடி மனைவியும் பின்தொடர்ந்தார். முதுகுவலியை அடக்குவதற்காகத் தையற்காரரின் வல இடுப்பில், தோலுக்கடியில், நரம்பைத் தூண்டும் சிறு கருவி பொருத்தப்பட்டிருந்தது. வெளியிலிருந்து ரிமோட்டால் இயக்கக்கூடிய அது, தையற்கடையில் மட்டும் அடிக்கடி நின்றுபோயிற்று. இன்று காரணம் தெரியாவிடில், நாளை கீறி அதை எடுத்துவிடுவதென மருத்துவர் தீர்மானித்திருந்தார்.

கருவி ஆய்வாளரை எல்லோரும் ‘நிதானம்’ என்றே அழைத்தனர். உடனிருந்த செவிலிக்கு ‘அவசரம்’ என்று பெயர் சூட்டியவர் அவரே. செவிலி அங்கியை வாங்கிக் கொக்கியில் மாட்டினாள்.

“பாத்து சார், பாக்கெட் மேல குண்டூசி தொங்குது. குத்திடும்.”

நின்றுகிடந்த கருவியை இயக்கிவிட்டு, நிதானம் அதன் அளவுகளைத் திரையில் படித்தார். மின்தடை சரி, ஆகவே கம்பி அறுபடவில்லை. மின்கலமும் நிறைந்திருந்தது. ஆயினும் பதிவின்படி கருவி பலமுறை நின்றிருந்தது. அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

“கடையிலயும் ரிமோட் இவ பையிலதான் இருக்கு. கருவி வெக்கிற ஆபரேஷனே வேண்டாம்னு அழுதவ இவ. நான் வேற என்னத்த நினைக்கிறது?” என்றார் தையற்காரர்.

“ஆன் பண்றதுக்குத்தாங்க வெச்சிருக்கேன்” என்ற மனைவி தலை நிமிரவில்லை.

“கேஸ் முடிஞ்சுது சார்” என்று கிசுகிசுத்தாள் செவிலி.

“ரிமோட்ல நிறுத்தினா பதிவுல தனிக் குறி விழும்மா. இதுல ஒண்ணுகூட இல்ல.”

குழப்பம் இன்னும் கூடியது. காந்தத்தின் அருகே சென்றதுண்டா என்று நிதானம் வினவினார். எல்லோரும் கேட்டுவிட்டார்கள் என்றும், ஸ்கேன் இயந்திரத்தின் பக்கமே தாம் போனதில்லை என்றும் தையற்காரர் சலித்துக்கொண்டார். முன்பு வந்தபோதெல்லாம் அங்கி எங்கிருந்தது என்றதற்கு, கடையிலேயே விட்டு வருவது வழக்கம், இன்று குளிருக்காகப் போட்டு வந்தேன் என்றார்.

நிதானம் அங்கியருகே சென்று குனிந்தார்.

“அவசரம், இந்த ஊசி துணியில குத்தவே இல்லையே. அப்புறம் எப்படி நிக்குது?”

அங்கியை மீண்டும் அணியுமாறு நிதானம் தையற்காரரைப் பணித்தார். வலப் பை இடுப்பில் படிந்ததும் திரையில் ‘நிறுத்தம்’ என்ற சொல் தோன்றியது. தையற்காரர் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

“இது பழைய வகைக் கருவி. காந்தம் ஒட்டி வந்தா நின்னுடும். பாக்கெட்ல காந்தத்த வெச்சது யாரு?”

“நான்தான்,” என்றார் மனைவி. “ஊசி கீழ விழுந்தா இவரால குனிய முடியல. பாக்கெட்ல ஒட்டிக்கிட்டா விழாதேன்னு உள்துணியில வெச்சுத் தைச்சேன்.”

“காந்தம்னதும் எனக்குப் பெரிய மெஷின்தான் ஞாபகம் வந்துச்சு,” என்று முணுமுணுத்த தையற்காரர், சிறு கத்தரியால் உள்துணியைப் பிரித்துக் காந்தத்தை மேசையின் கோடியில் வைத்தார். பிறகு மனைவியின் கைப்பைப் பக்கம் திரும்பினார்.

“நீயே ஆன் பண்ணும்மா.”

மனைவி ரிமோட்டை எடுத்து அழுத்தினார். திரை ஒளிர்ந்தது. நாளைய அறுவையை நிதானம் ரத்துசெய்யச் சொன்னபோது மணி பத்து இருபத்தாறு.